பன்னிரண்டு நாளில் அர்ஜென்டினாவா? ஆளை விடுங்க சாமி!

போன ஞாயித்துக்கிழமை சகலை ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தார். தலைப்பு: "அர்ஜென்டினா - 12 நாள் - ஃபைனல்". ஃபைனலாம்! பியூனஸ் அயர்ஸ் 2 நாள், இகுவாசு அருவி 2, சால்டா 2, மென்டோசா 1, பரிலோச்சே 2, எல் கலாஃபாத்தே 2, உஷுவாயா 1. கூட்டிப் பார்த்தால் சரியாகப் பன்னிரண்டு. கணக்கில் மனுஷர் புலி. மேப்பில்தான் கொஞ்சம் வீக்.

அவரைத் திட்டி என்ன செய்ய? ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் டூர் போடுகிறார்கள். விற்கிறவர்களும் இப்படித்தான் விற்கிறார்கள். நானே 2016ல் இப்படி ஒரு பதினோரு நாள் பேக்கேஜில் பணத்தைக் கட்டி ஏமாந்தவன். அந்த வயித்தெரிச்சலில்தான் இதை எழுதறேன்.

முதலில் அளவைப் பாருங்க. அர்ஜென்டினா சுமார் 27.8 லட்சம் சதுர கிலோமீட்டர். பரப்பில் இந்தியாவைவிடக் கொஞ்சம் சின்னதுதான். ஆனா ஆள் ஒல்லி, நெடுநெடுன்னு வளர்ந்தவர். வடக்கே பொலிவியா எல்லையில் இருக்கும் லா கியாக்காவிலிருந்து தெற்கே உஷுவாயாவுக்கு சாலை வழியே 5,000 கிலோமீட்டருக்கு மேல். அட்சரேகைக் கணக்கை அப்படியே பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் புரட்டிப் போட்டால், நாக்பூர் பக்கம் ஆரம்பித்து மாஸ்கோ பக்கம் முடியும். நாக்பூரையும் மாஸ்கோவையும் ஒரே பெட்டியோடு பன்னிரண்டு நாளில் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா?

ரயில் இருக்குமே என்பார்கள். ஒரு காலத்தில் தென் அமெரிக்காவிலேயே பெரிய ரயில்வே அவங்களுது. 1990களில் தனியார்மயம் வந்த பிறகு நீண்ட தூர ரயில்களில் பெரும்பாலானவை நின்று போச்சு. பஸ் நிஜமாவே அருமை, சாய்த்தால் கிட்டத்தட்ட கட்டில். ஆனா பியூனஸ் அயர்ஸிலிருந்து பரிலோச்சே போக இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிச்சம் விமானம்தான். உள்நாட்டு விமானங்களில் பெரும்பகுதி தலைநகரத்தை மையமாக வைத்தே பறக்கின்றன. வெளிநாட்டு விமானங்கள் வந்து இறங்குவது ஊருக்கு வெளியே எசெய்சாவில், உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் ஊருக்குள்ளே ஏரோபார்க்கேயில். இதைக் கவனிக்காமல் டிக்கெட் போட்டு நடுவில் இரண்டு மணி நேரம்தான் விட்டவர்கள் கதை நிறைய உண்டு.

சகலை லிஸ்டில் ஆறு தடவை ஊர் மாறணும். ஹோட்டல் வாசலிலிருந்து அடுத்த ஹோட்டல் வாசலுக்கு ஏழு மணி நேரம் என்று குறைத்து வைத்தாலும் 42 மணி நேரம். அதாவது பன்னிரண்டு பகலில் நாலு பகல் ஏர்போர்ட்டுக்குக் காணிக்கை. இதில் படகோனியாக் காற்று, வேலைநிறுத்தம் என்று ஒரு விமானம் ரத்தானாலும் சீட்டுக்கட்டு மாளிகை மாதிரி எல்லாம் சரியும்.

என் கதையைச் சொல்றேன். பெரிட்டோ மொரேனோ பனியாறு. முகப்பு மட்டும் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே 60, 70 மீட்டர் உயரச் சுவர். அந்த நீலம் இருக்கே, அதை எழுத எனக்குத் தெரியலை. எதிரே மலைச்சரிவில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: சும்மா உட்கார்ந்திருப்பது. எப்போதாவது ஒரு பனிப்பாளம் உடைந்து விழும், இடி மாதிரி சத்தம் வரும். எங்களுக்குக் கொடுத்தது ஒரு மணி நாற்பது நிமிஷம். அதில் கழிப்பறை வரிசை, சாண்ட்விச், போட்டோ எல்லாம் அடக்கம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வழிகாட்டி விரட்ட, நாங்கள் திரும்பி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் "டமார்". ஓடி வந்து பார்த்தால் தண்ணீரில் அலைதான் பாக்கி. பெரிய துண்டாம். பக்கத்தில் தெர்மாஸோடு உட்கார்ந்து மாத்தே குடிச்சிட்டிருந்த உள்ளூர்த் தாத்தா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவர் காலையிலிருந்தே அங்கே இருந்தாராம்!

ரொம்ப காலம் "இந்தப் பனியாறு சுருங்காது" என்று பேர் வாங்கியிருந்தது. இப்போ சில வருஷமா அதுவும் பின்வாங்க ஆரம்பித்துவிட்டது. அதனால் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்"னு சொல்லவும் பயமா இருக்கு.

அடுத்து சீசன். இந்த நாட்டில் எல்லா இடமும் நன்றாக இருக்கிற மாசம் என்று ஒன்று கிடையவே கிடையாது. சகலை சொல்வது ஜனவரி, லீவு கிடைக்குதாம். ஜனவரி அங்கே கோடை. படகோனியாவுக்கு நல்லதுதான், ஆனா அர்ஜென்டினாக்காரர்களும் அப்போதான் லீவில் கிளம்புகிறார்கள், ரூம் வாடகை எகிறும். இகுவாசுவில் புழுக்கம் பிழிந்து எடுக்கும். சால்டா, ஹுஹுஹாக்கா... மன்னிக்கவும், ஹுமாஹுவாக்கா பள்ளத்தாக்குப் பக்கம் அது மழைக்காலம், ரோடு அடித்துக்கொண்டு போனாலும் போகும். அங்கே உப்புப் பாலைவனம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் இறங்கி மறுநாளே மேலே ஏறினால் தலைவலி நிச்சயம்.

காசு விஷயத்திலும் பழைய புராணம். "டாலரைக் கட்டாக் கொண்டு போ, ஃப்ளோரிடா தெருவில் மாத்தினா ரெட்டிப்பு" என்கிறார் சகலை. அது 2022, 23 கதை. 2023ல் விலைவாசி ஒரே வருஷத்தில் 211 சதவீதம் ஏறியது, அந்த டிசம்பரில் பெசோ மதிப்பைப் பாதிக்கும் கீழே இறக்கினார்கள், 2025 ஏப்ரலில் டாலர் கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் தளர்த்தினார்கள். ரெட்டிப்பும் போச்சு, மலிவும் போச்சு.

"இவ்வளவு செலவு பண்ணி அவ்வளவு தூரம் போறோம், திரும்பவா போகப் போறோம்? எல்லாத்தையும் பார்த்துட வேண்டாமா சகலை?" இதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம். நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பல வருஷச் சேமிப்பு. ஆனா திரும்பப் போக மாட்டோம் என்பதால்தானே சொல்றேன், ஒரு இடத்தையாவது பார்த்துவிட்டு வருவோமே! ஏழு ஊர் ஏர்போர்ட் காபியை ஒப்பிட்டுப் பேச நான் தயார் :-) அதுக்கா இத்தனை லட்சம்?

இன்னொன்று. இந்தத் தடவை எங்களோடு அத்தை வர்றாங்க. 68 வயசு, முட்டி வலி. டிவியில் பென்குயின் வந்தால் சமையல்கட்டிலிருந்து ஓடி வருவாங்க. அவங்க கேட்டது அது ஒன்றைத்தான். சகலையின் ஏழு ஊரில் பென்குயினுக்கு இருந்த ஒரே வாய்ப்பு உஷுவாயா. அதுக்குக் கொடுத்தது ஒரு நாள், அதுவும் படகில், தூரத்திலிருந்து!

நான் போட்டது இது. நவம்பர். பியூனஸ் அயர்ஸ் மூணு நாள். அப்புறம் புவெர்ட்டோ மாட்ரின் அஞ்சு நாள். அங்கிருந்து வால்டெஸ் தீபகற்பத்தில் திமிங்கிலம் (ஜூனிலிருந்து டிசம்பர் ஆரம்பம் வரைதான், ஜனவரியில் கிடையாது). தெற்கே புன்டா டோம்போவில் லட்சக்கணக்கில் மெகல்லன் பென்குயின்கள். நவம்பரில் குஞ்சு பொரிக்கிற நேரம். நடைபாதையில் பென்குயின் குறுக்கே வந்தால் நாமதான் நின்று வழி விடணும், அதுதான் சட்டம். அத்தைக்கு நிற்க ஒரு சாக்கும் ஆச்சு. கடைசி நாலு நாள் எல் கலாஃபாத்தே. அதில் இரண்டு முழு நாள் பனியாறு முன்னால், பஸ் விசில் இல்லாமல்.

இகுவாசு இல்லை. மனசு கேட்கலைதான், அந்த அருவியை அடிச்சுக்க ஆளில்லை. ஆனாலும் இல்லை.

நேத்து ராத்திரி அனுப்பிட்டேன். "இகுவாசு எங்கே?" என்று ஒரே வரியில் பதில். அதுக்கப்புறம் போனை எடுக்க மாட்டேங்கிறார் சகலை. அத்தை மட்டும் காலையிலிருந்து மூணு தடவை கேட்டாச்சு, பென்குயினுக்குக் கையால ஏதாவது சாப்பிடக் கொடுக்க விடுவாங்களான்னு. விடமாட்டாங்கன்னு சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரலை.