இலவச கோடிங் தளங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன? ஏஐ வந்த பிறகு அந்தக் கணக்கு எங்கே உடைகிறது?

2026 ஜனவரி முதல் வாரம். வெப் டெவலப்பர்கள் பெரும்பாலானோருக்குத் தெரிந்த டெய்ல்விண்ட் சிஎஸ்எஸ்-ஸின் நிறுவனர் ஆடம் வாதன், கிட்ஹப்பில் நடந்துகொண்டிருந்த ஒரு சின்ன விவாதத்துக்கு நடுவே ஒரு தகவலைப் போட்டார். எஞ்சினியரிங் குழுவில் 75 சதவீதம் பேர் வேலையிழந்துவிட்டார்கள் என்பதுதான் அது. சதவீதத்தில் பெரிதாகத் தெரியும். ஆள் கணக்கில் சொன்னால் நான்கு பேரில் மூன்று பேர்.

விவாதம் எதைப் பற்றி என்பது இன்னும் முக்கியம். டெய்ல்விண்டின் இலவச ஆவணப் பக்கங்களை ஏஐ கருவிகள் சுலபமாகப் படிக்கும்படி மாற்றித் தரலாம் என்று ஒருவர் கோடு எழுதிக் கொடுத்திருந்தார். வாதன் அதை ஏற்கவில்லை. காரணமாக அவர் சொன்ன எண்கள் இவை: டெய்ல்விண்டைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை முன்னெப்போதையும்விட அதிகம். ஆனால் ஆவணப் பக்கங்களுக்கு வருவோர் 2023 தொடக்கத்தோடு ஒப்பிட்டால் சுமார் 40 சதவீதம் குறைவு. வருமானம் கிட்டத்தட்ட 80 சதவீதம் சரிவு.

பயன்பாடு ஏறுகிறது, பணம் இறங்குகிறது. எப்படி? அவர்கள் விற்பது தயார்நிலை டிசைன் கூறுகள் அடங்கிய டெய்ல்விண்ட் பிளஸ். அப்படி ஒன்று விற்பனைக்கு இருப்பதே இலவச ஆவணத்தைப் படிக்க வந்தவர்களுக்குத்தான் தெரியும். இப்போது படிப்பது ஏஐ. அதற்குக் கடன் அட்டை கிடையாது.

மைசூருவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சேலம், மதுரை, கோயம்புத்தூர் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்கள் நிறைய பேருக்கு மைசூரு என்றால் அரண்மனைக்கு முன்னால் நினைவுக்கு வருவது இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம்தான். 2025 பிப்ரவரியில் அங்கே 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தும் உள்மதிப்பீட்டுத் தேர்வில் தேறவில்லை என்றது நிறுவனம். எண்ணிக்கை இன்னும் அதிகம் என்று சொன்ன ஐடி ஊழியர் அமைப்பான நைட்ஸ், தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. அவர்களில் பலர் 2022-ல் வேலைக் கடிதம் வாங்கி, இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, 2024 அக்டோபரில்தான் சேர்ந்தவர்கள்.

அந்த மாதிரி காத்திருப்புக் காலத்தில் ஒருத்தர் எதை வைத்துப் படிப்பார்? பணம் கட்டி கோர்ஸ் சேர எல்லோராலும் முடியாது. டபிள்யூ3ஸ்கூல்ஸ், கீக்ஸ்ஃபார்கீக்ஸ், எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப், இல்லையென்றால் ஒரு தமிழ் யூடியூப் சேனல். இந்த இலவசப் பொருளை யாரோ ஒருவர் காசு செலவழித்துத்தான் நடத்துகிறார். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பது, அதை நம்பி இன்டர்வியூவுக்குப் போகிறவர்களையும் தொடுகிற கேள்விதான்.

விளம்பரம்: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முதலில் எல்லோர் நினைவுக்கும் வருவது கூகுள் ஆட்சென்ஸ். உள்ளடக்க விளம்பரங்களில் தளத்துக்காரருக்குச் சுமார் 68 சதவீதம் கிடைக்கும். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 பிப்ரவரியிலிருந்து ஆட்சென்ஸ் வசதி உண்டு.

ஒரு கற்பனைக் கணக்கு. 1,000 பக்கப் பார்வைக்கு உங்கள் கைக்கு 1 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டாலர் 90 ரூபாய். ஐடி ஃப்ரெஷர் சம்பளத்துக்குச் சமமாக மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்றால், சுமார் 3.33 லட்சம் விளம்பரப் பார்வை தேவை. ஆனால் உங்கள் வாசகர்கள் டெவலப்பர்கள். ஆட் பிளாக்கரை அடுத்தவருக்கு இன்ஸ்டால் செய்து கொடுக்கிற ஆட்கள். பாதிப் பேர் பிளாக்கர் வைத்திருந்தால், நிஜத்தில் மாதம் 6.67 லட்சம் பார்வை வர வேண்டும்.

இதில் டெய்ல்விண்டுக்கு விழுந்த அதே 40 சதவீத அடியைப் போட்டுப் பாருங்கள். 6.67 லட்சம் 4 லட்சமாகிறது. 30,000 ரூபாய் 18,000 ஆகிறது. ஒரு டாலர், பாதி பிளாக்கர் என்பதெல்லாம் என் அனுமானம்; உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். எந்த எண்ணைப் போட்டாலும், வாசகர் குறையும் அதே விகிதத்தில் பணமும் குறையும். செலவு அப்படிக் குறையாது.

டெவலப்பர்களுக்கென்றே தனி விளம்பர வலைகளும் உண்டு. கார்பன் ஆட்ஸ் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சின்ன விளம்பரம்தான் காட்டும். ரீட் த டாக்ஸ் குழு நடத்தும் எத்திக்கல் ஆட்ஸ், வாசகரைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதில்லை; பக்கத்தில் உள்ள விஷயத்துக்குப் பொருத்தமான விளம்பரத்தை மட்டும் போடும். டெக் வாசகர்களுக்கு எரிச்சலும் குறைவு. ஆனால் வாசகர் எண்ணிக்கைக்கும் வருமானத்துக்கும் உள்ள முடிச்சு இங்கேயும் அதேதான்.

அஃபிலியேட் லிங்க் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். ஹோஸ்டிங், டொமைன், லேப்டாப் எதைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்கினாலும் அதை வாசகருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் இதைச் சொல்கிறது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘இந்த ஹோஸ்டிங்தான் பெஸ்ட்’ என்று எழுதும் முன் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

இலவசத்தைக் காட்டி வேறொன்றை விற்பது

இந்தியாவில் நன்றாக ஓடிய மாதிரி இதுதான். சென்னையின் குவி, தமிழில் கோடிங் சொல்லித்தரும் யூடியூப் வீடியோக்களாக ஆரம்பித்தது. ஐஐடி மெட்ராஸின் ஆதரவு கிடைத்து நிறுவனமானது. 2022-ல் ஹெச்சிஎல் குழுமம் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. இலவச வீடியோவில் நம்பிக்கை வந்த மாணவர், வேலைக்கு உதவும் என்று நினைத்துப் பணம் கட்டி கோர்ஸில் சேருகிறார். நொய்டாவின் கீக்ஸ்ஃபார்கீக்ஸும் இதே வழிதான்: கட்டுரைகள் இலவசம், கோர்ஸ் காசுக்கு. நார்வேயில் 1998-லிருந்து நடக்கும் டபிள்யூ3ஸ்கூல்ஸ், விளம்பரத்தோடு சான்றிதழும் விற்கிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தால் நல்லது. டெய்ல்விண்ட் பிளஸ் ஒருமுறை பணம் கட்டினால் காலம் முழுக்க உங்களுடையது. வாங்குபவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் புதிய வாடிக்கையாளர் வருவது நின்றால் வருமானமும் அந்த மாதமே நின்றுவிடும். மாதச் சந்தா இருந்திருந்தால் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தச் செய்தி பரவியதும் வெர்செல், கூகுள் ஏஐ ஸ்டூடியோ போன்றவை ஸ்பான்சராக முன்வந்தன. கண்ணீர்ச் செய்தி வைரலானால்தான் பணம் வரும் என்பது பிசினஸ் மாடல் ஆகாது.

நன்கொடை கேட்டால் தருவார்களா?

தருவார்கள், ஆனால் பெரிய மரத்துக்குத்தான் தண்ணீர் நிறைய போகிறது. 2014-ல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப், அமெரிக்காவில் லாபநோக்கமற்ற அமைப்பாகப் பதிவாகி நன்கொடையில் நடக்கிறது. எம்டிஎன் கதை வேறு. 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை நீக்கியபோது எம்டிஎன் குழுவும் அடிபட்டது. அடுத்த ஜனவரியில் கூகுள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்புக்குப் பணம் கொடுத்து, எழுத்தாளர்களைச் சம்பளத்துக்கு வைத்தன. 2022-ல் மாதம் 5 டாலர் சந்தாவில் எம்டிஎன் பிளஸ் வந்தது. உலகமே நம்பும் ஆவணத் தளத்துக்கே இத்தனை பேர் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவிலிருந்து நடத்தினால் கூடுதல் சிக்கல்கள். 2021 அக்டோபர் முதல் அமலான ரிசர்வ் வங்கி விதிகளால் கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் பிடிப்பது கடினமானது. முதல் முறை வாடிக்கையாளர் ஒப்புதல் தர வேண்டும், ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்பு போக வேண்டும். ஓடிபி இல்லாமல் பிடிக்கும் வரம்பு 2022-ல் 15,000 ரூபாயாக உயர்ந்தது, யுபிஐ ஆட்டோபே வந்தது என்பதால் உள்ளூர் சந்தாவுக்கு இப்போது வழி இருக்கிறது. அறக்கட்டளையாகப் பதிந்து வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டுமென்றால் எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். சின்னக் குழுக்களுக்கு அது மலையேறுகிற வேலை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெங்களூருவின் ஜெரோதா 2024 அக்டோபரில் ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியை அறிவித்தது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை. ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1 லட்சம் டாலர். கட்டற்ற மென்பொருளுக்கானது என்பதால், வெறும் டுடோரியல் தளத்துக்கு இது பொருந்தாது. உங்கள் தளத்துக்குள் மற்றவர்கள் பயன்படுத்தும் ஒரு ஓப்பன் சோர்ஸ் கருவி இருந்தால் பார்க்கலாம்.

தமிழில் 2012-லிருந்து கணியம் செய்துவருவது தனி ரகம். எளிய தமிழில் ஹெச்டிஎம்எல், மைஎஸ்க்யூஎல் என்று நூல்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தன்னார்வலர் உழைப்பில் நடக்கிறது. சம்பாதிக்கும் வழி தேடுகிறவருக்கு அது மாதிரி ஆகாது. ஆனால் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு டேட்டாபேஸ் புரிய வைத்ததில் அதன் பங்கை எந்த ஆட்சென்ஸ் டாஷ்போர்டும் காட்டாது.

தளத்தையே விற்றுவிடலாமா?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை 2021-ல் புரோசஸ் நிறுவனம் 180 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. ஒரு காலத்தில் மாதம் 2 லட்சத்துக்கு மேல் வந்துகொண்டிருந்த புதிய கேள்விகள் இன்று சில ஆயிரங்களாகச் சுருங்கிவிட்டன. சிஎஸ்எஸ்-டிரிக்ஸ் தளத்தை கிறிஸ் காயர் 2022 மார்ச்சில் டிஜிட்டல்ஓஷனுக்கு விற்றார். மறு ஆண்டு நடந்த ஆட்குறைப்புக்குப் பிறகு தளம் பல மாதங்கள் புதுக் கட்டுரை இல்லாமல் கிடந்தது. விற்றவருக்கு நேரம் நன்றாக இருந்தது. படித்தவர்களுக்கு அப்படி இல்லை.

ஏஐ நிறுவனங்களிடமே கட்டணம் கேட்டால்?

பெரியவர்கள் கேட்டு வாங்கிவிட்டார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2024-ல் கூகுளுடனும் ஓப்பன்ஏஐ-யுடனும் ஒப்பந்தம் போட்டது. ‘நாங்கள் சும்மா எழுதிய பதிலை நீ விற்கிறாயா’ என்று கோபப்பட்ட சில பயனர்கள் தங்கள் பதில்களை அழிக்கப் பார்த்தார்கள். அவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. அங்கே கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது: தளத்துக்கு வருகிற பணத்தில் பதில் எழுதியவருக்கு எவ்வளவு?

சின்னத் தளங்களுக்கு நிலைமை தலைகீழ். வருமானம் வராதது போக, செலவும் ஏறுகிறது. 2024 மே மாதத்தில் ஒரே ஒரு கிராலர் தங்களிடமிருந்து 73 டெராபைட் இறக்கிக்கொண்டது, பேண்ட்வித் செலவு மட்டும் 5,000 டாலருக்கு மேல் என்று ரீட் த டாக்ஸ் கணக்கு வெளியிட்டது. ஏஐ கிராலர்களைத் தடுத்ததும் அவர்களின் டேட்டா போக்குவரத்து நாளுக்கு 800 ஜிபியிலிருந்து 200 ஜிபியாக இறங்கியது. நம் வீட்டுக் கிணற்றில் லாரி வைத்துத் தண்ணீர் எடுத்துவிட்டு, கரண்ட் பில்லையும் நம்மிடமே கொடுப்பது போல.

2025 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் ஒரு வழி சொன்னது. கிராலர் ஒவ்வொரு முறை பக்கத்தை எடுக்கும்போதும் தளத்துக்காரர் விலை வைக்கலாம். யோசனை நல்லது. ஆனால் ஹெச்டிஎம்எல் டேபிள் போடுவது எப்படி என்று ஆயிரம் தளங்கள் சொல்லும்போது, உங்கள் பக்கத்துக்கு மட்டும் யார் விலை கொடுப்பார்?

டெல்லியிலும் பேச்சு நடக்கிறது. டிபிஐஐடி அமைத்த குழு 2025 டிசம்பரில் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. ஏஐ நிறுவனங்கள் உரிமைதாரரிடம் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டாம்; ஆனால் ராயல்டி கொடுக்க வேண்டும், அதை ஒரு மைய அமைப்பு வசூலித்துப் பங்கிட்டுத் தர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. மறுக்கும் உரிமை தளத்துக்காரருக்கு இருக்காது. நாஸ்காம் இதற்கு எதிர்ப்பு தெரிவித்தது. சினிமாப் பாட்டு ராயல்டியே எத்தனை ஆண்டு வழக்காக இழுத்தது என்று நமக்குத் தெரியும். மைசூருவில் உட்கார்ந்து ஒருத்தர் எழுதும் ரியாக்ட் டுடோரியலுக்கு அந்தப் பங்கு எப்படி வந்து சேரும் என்பதற்கு அறிக்கை நம்பும்படியான வழி காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியென்றால் ஒரு தளம் ஆரம்பிக்கலாமா?

விளம்பரத்தை மட்டும் நம்பி என்றால் வேண்டாம் என்பேன். ‘இந்த டேக் என்ன செய்யும்’ மாதிரி ஒரு வரிப் பதில்களை ஏஐ எடுத்துக்கொண்டுவிட்டது. ஏஐ கொடுக்க முடியாததற்குத்தான் இனி காசு: நீங்களே பராமரிக்கும் கருவி, உங்கள் ஊர்க் கம்பெனிகளின் இன்டர்வியூ அனுபவத் தொகுப்பு, வாரம் ஒருமுறை நேரில் சந்தேகம் தீர்க்கும் வகுப்பு, தளத்தைப் பார்த்துத் தேடி வரும் ஃப்ரீலான்ஸ் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் பலருக்கு முதல் வருமானமாக இருக்கும். வாசகர் பட்டியலை மின்னஞ்சலாக உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கூகுளில் உங்கள் இடம் நாளைக்கு மாறலாம், அந்தப் பட்டியல் மாறாது.

வரி விஷயம் சுருக்கமாக. டாலரில் வந்தாலும் அது இங்கே வருமான வரிக்கு உட்பட்ட வருமானம்தான். சேவை வருவாய் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. தாண்டிவிட்டால், வெளிநாட்டு நிறுவனத்துக்குச் செய்யும் சேவை ஏற்றுமதி என்ற கணக்கில் வரும். எல்யூடி உறுதிமொழி தாக்கல் செய்தால் வரி கட்டாமல் அனுப்பலாம்.

வேலையில் இருந்துகொண்டே நடத்துவதாக இருந்தால், ஆட்சென்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்துப் படித்துவிடுங்கள். 2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியது. அதே சமயம் இன்ஃபோசிஸ் முதலில் எச்சரித்துவிட்டு, பிறகு மேலாளர் மற்றும் ஹெச்ஆர் அனுமதியோடு வெளி வேலை செய்யலாம் என்றது. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அலுவலக லேப்டாப்பில் தளத்துக்கான ஒரு வரி கோடுகூட எழுதாதீர்கள். அதில் எழுதியது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, தளம் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான் வரும்.