எருமையும் ஊர்க்குளமும்

நம் தேசத்துப் பாலில் ஏறக்குறையப் பாதி எருமை தருவது. அதற்குக் குளம் ஆடம்பரமன்று. கரிய தோல் வெயிலை மிகுதியாய் வாங்குகிறது. வியர்வைச் சுரப்பிகளோ பசுவைவிட மிகக் குறைவு. உடற்சூடு ஏறினால் தீனி குன்றும், பால் வற்றும். பஞ்சாப், ஹரியானா ராஜ்யங்களில் கோடையில் முர்ரா எருமையின் பருவக்குறி வெளித்தெரியாமலே கழிந்து சினை தவறுகிறது. சினைக்காலமே பத்து மாதம்; குடியானவனுக்கு இந்த நஷ்டத்தை யார் ஈடுசெய்வது?

இந்நிலையில் குளங்களை மண்ணிட்டு மூடி வீடு கட்டுகிறார்கள் சிலர்! பட்டியாலா ஜில்லாவில் அவ்வாறு கவரப்பட்ட குளமொன்றின் வழக்கில், கிராமப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி 2011-ல் சுப்ரீம் கோர்ட் சகல ராஜ்ய சர்க்கார்களுக்கும் உத்தரவிட்டது. பால் பெருக்கத்தைப் பற்றி மேடைதோறும் முழங்கும் மந்திரிகள், தத்தம் ராஜ்யத்தில் அவ்வாறு மீட்ட குளங்களின் ஜாபிதாவை ஜில்லாவாரியாகப் பிரசுரிப்பார்களா?