சும்மா ஒரு படம்தானே?

இண்டூர்லேர்ந்து ஒரு பொண்ணு ஓவியம் படிக்கணும்னு கிளம்பினா எங்கே போகணும்? தர்மபுரி மாவட்டத்துல அரசு கவின்கலைக் கல்லூரி கிடையாது. தமிழ்நாடு முழுக்கவே ரெண்டுதான். ஒண்ணு சென்னை, இன்னொண்ணு கும்பகோணம். சென்னை கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர்ங்கிற டாக்டர் ஆரம்பிச்சது. (ஆமா, மருந்து கொடுக்கிற டாக்டர்தான்!) தர்மபுரியிலேர்ந்து அது கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். "பொம்மை போட்டுப் பொழைக்க முடியுமா?"ன்னு கேக்கிற சொந்தக்காரங்களைத் தாண்டிட்டா 300 கிலோமீட்டரெல்லாம் ஒரு தூரமே இல்லை.

ஒரு பேச்சுக்கு, அப்படி ஒருத்தி போய்ச் சேர்ந்துட்டான்னு வெச்சுக்குங்க. பி.எஃப்.ஏ. நாலு வருஷம். கடைசி வருஷ புராஜெக்டுக்கு ஒரு கதையை எடுத்து 12 படம் போடணும். வெளியூர்க் கதை எதுக்கு, நம்ம பாப்பாரப்பட்டி சுப்பிரமணிய சிவா இருக்காரேன்னு எடுக்கிறா. சிறையில வந்த தொழுநோயோட, ரயில்ல ஏற அனுமதி இல்லாம ஊர் ஊரா நடந்தே போய்ப் பேசின மனுஷன். 1925 ஜூலை 23-ல் பாப்பாரப்பட்டியில கண்ணை மூடினார். நல்ல விஷயம்தான். ஆனா வரைய உக்காந்தா தெரியும் சங்கதி. நூறு வருஷத்துக்கு முந்தி அந்தப் பக்கம் ஓடின மாட்டுவண்டிக்குக் கூண்டு எப்படி இருந்தது? வீட்டுக்கு ஓலையா, ஓடா? நோய் வந்த விரல்கள் கம்பை எப்படிப் பிடிக்கும்? எழுதறவர் "அவர் நடந்தே சென்றார்"னு மூணே வார்த்தையில தாண்டிடலாம். வரையறவளால முடியாது. செருப்பு இருந்ததா இல்லையான்னு அவ முடிவு பண்ணியே ஆகணும்!

இப்ப பி.காம் பசங்க பாணியில ஒரு காஸ்ட் ஷீட் போடுவோமா? ஒரு படத்துக்கு விசாரிச்சுப் படிக்க ஒரு நாள், ரஃப் ஸ்கெட்ச் ஒரு நாள், ஃபைனல் ரெண்டு நாள். மொத்தம் நாலு நாள், அதுவும் குறைச்சுச் சொன்னா. கூலி எவ்வளவு வைக்கலாம்? கலைஞருக்கான சம்பளமெல்லாம் வேண்டாம். தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் அறிவிச்ச தினக்கூலி 336 ரூபாய். அதையே வைப்போம். ஒரு படத்துக்கு 1,344 ரூபாய். பன்னிரண்டு படத்துக்கு 16,128. இது டைரக்ட் லேபர் மட்டும். பேப்பர், கலர், பிரஷ், பாப்பாரப்பட்டிக்குப் போய் வந்த பஸ் காசு, ஹாஸ்டல் ஃபீஸ் எதுவும் இன்னும் உள்ளே வரலை. நாலு வருஷம் படிச்ச படிப்புக்கும் சேர்த்து மதிப்பு பூஜ்யம்னு போட்டுத்தான் இந்தக் கணக்கு.

இப்ப யாரோ ஒரு பதிப்பாளரோ விழாக் கமிட்டியோ வந்து, "படம் நல்லாருக்கும்மா, ஒண்ணுக்கு 300 ரூபா தரோம்"ங்கிறாங்கன்னு வைங்க. நாளைக்கு 75 ரூபாய் ஆச்சு. ஏரியில மண்ணு வெட்டினா இதைப்போல நாலு மடங்குக்கு மேல கிடைச்சிருக்கும். அவ தயங்கினா உடனே வரும் பாருங்க அந்த பிரம்மாஸ்திரம்: "காசை விடும்மா, நல்ல பேர் கிடைக்கும்."

இங்கதான் கோபம் வருது. பேர் கிடைக்கும்னு சொல்ற அதே ஆசாமிங்க புத்தகத்துல அவ பேரைப் போடறாங்களா? எழுதினவர் பேர் அட்டையில. பதிப்பகம் பேர் அட்டையில, முதுகுல, உள்ளே மூணு இடத்துல. படம் வரைஞ்சவ பேர் பல புத்தகத்துல காப்பிரைட் பக்கத்து மூலையில எறும்பு சைஸுல. சிலதுல அதுவும் கிடையாது. பேரையே போடாம பேர் எப்படிய்யா கிடைக்கும்? அக்கவுன்டிங் ஸ்டாண்டர்டு 26-ல் ஒரு விதி உண்டு, தானா உருவாக்கிக்கிட்ட குட்வில்லை சொத்துன்னு பாலன்ஸ் ஷீட்டுல காட்டக் கூடாது. கம்பெனிக்காரங்களே காட்ட முடியாத அந்தக் குட்வில்லைத்தான் இந்தப் பொண்ணுக்குச் சம்பளமாக் கொடுக்கிறாங்க :-)

பேர் போட்டா என்ன ஆகும்கிறதுக்குத் தமிழ்ப் பத்திரிகைகளே சாட்சி. நாமக்கல்காரர் பி.எம்.சீனிவாசன்னா எத்தனை பேருக்குத் தெரியும்? 'சில்பி'ன்னு சொல்லுங்க, ஆனந்த விகடன்ல அவர் வரைஞ்ச கோயில் சிற்பங்களைப் பெரியவங்க கண்ணு விரியச் சொல்வாங்க. (அவர் பிறந்த 1919-ல் இண்டூர் சேலம் மாவட்டம். தர்மபுரி தனியாப் பிரிஞ்சது 1965-ல்தான்.) கும்பகோணத்துல ஓவியம் படிச்ச கோபுலு இன்னொருத்தர். கல்கியில 1950-லேர்ந்து 54 வரைக்கும் பொன்னியின் செல்வனுக்குப் படம் போட்ட மணியத்தைக் கேக்கவே வேண்டாம், வந்தியத்தேவனும் நந்தினியும் எப்படி இருப்பாங்கன்னு தமிழனுக்குச் சொன்னதே அவர் கைதான். இவங்க மூணு பேரும் படத்துல கையெழுத்துப் போட்டாங்க, பத்திரிகை அதை மறைக்கலை. அதனாலதான் இன்னிக்கும் பேர் நிக்குது.

தர்மபுரிப் பக்கம் நடுகற்கள் நிறைய உண்டு. ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரன் பேர், அப்ப ஆண்ட ராஜா பேர், அவன் எத்தனையாவது ஆட்சியாண்டுங்கிறதெல்லாம் கல்லுல இருக்கும். பெரும்பாலும் அந்தக் கல்லைச் செதுக்கினவன் பேர் மட்டும் இருக்காது. சரி, அது பல்லவர் காலம். அப்ப காப்பிரைட் சட்டம் கிடையாது. இப்ப இருக்கே!

1957-ஆம் வருஷக் காப்பிரைட் சட்டப்படி, படத்தை வரைஞ்சவர்தான் முதல் உரிமையாளர். வேறு மாதிரி ஒப்பந்தம் எதுவும் போடாத வரைக்கும் புராஜெக்ட் படங்கள் அந்தப் பொண்ணுக்கே சொந்தம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ஒருத்தர் காசு கொடுத்துக் கேட்டு வரைஞ்சு கொடுக்கிற பெயின்டிங், உருவப்படம்னா, ஒப்பந்தம் இல்லேன்னா முதல் உரிமை காசு கொடுத்தவருக்குப் போயிடும். பிரிவு 17 அப்படித்தான் சொல்லுது. அதனால 300 ரூபாய்க்கு வாய் வார்த்தையில சம்மதிக்கிறது வெறும் குறைஞ்ச கூலி விவகாரம் இல்லை, சொத்தையே தூக்கிக் கொடுக்கிற வேலை. இருக்கிற உரிமையை மாத்திக் கொடுக்கிறதுன்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம்னு அதுல எழுதலைன்னா அஞ்சே வருஷம்தான் செல்லும், எந்த ஊருக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். இதெல்லாம் பிரிவு 19.

இன்னொரு பிரிவு 57. உரிமையை வித்த பிறகும் "இது என் படைப்பு"ன்னு சொல்ற உரிமை கலைஞரை விட்டுப் போகாது. சும்மா ஏட்டுச் சுரைக்காய் இல்லை. டெல்லி விஞ்ஞான் பவன்ல அமர்நாத் சேகல்னு ஒரு சிற்பி செஞ்ச பிரமாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை, 1979-ல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம்னு பேர்த்தெடுத்து குடோன்ல போட்டாங்க. மனுஷன் மத்திய அரசு மேலேயே கேஸ் போட்டார். 2005-ல் டெல்லி உயர்நீதிமன்றம் சிற்பத்தை அவர்கிட்டயே திருப்பிக் கொடு, கூடவே 5 லட்சம் நஷ்டஈடும் கொடுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. சிற்பத்தைக் காசு கொடுத்து வாங்கின அரசாங்கத்துக்கே இந்தக் கதி.

"சின்னப் பதிப்பகங்க, முன்னூறு காப்பி போட்டு நஷ்டப்படறோம், எங்களால எங்கே கொடுக்க முடியும்?"னு ஒரு சப்பைக்கட்டு வரும். நஷ்டம் உண்மையா இருக்கலாம். ஆனா பேப்பர் கடைக்காரர்கிட்ட போய் "உங்க பேப்பருக்கு நல்ல பேர் கிடைக்கும், சும்மா கொடுங்க"ன்னு சொல்லிப் பாருங்களேன்! பைண்டிங் பண்றவர்கிட்ட சொல்லிப் பாருங்க. எல்லாருக்கும் பில் செட்டில் ஆகுது, நஷ்டம் மட்டும் படம் போட்டவ தலையில.

லேட்டஸ்ட் மிரட்டல் ஒண்ணு இருக்கு. "ஏ.ஐ. ஒரு நிமிஷத்துல போட்டுத் தருமே." 2025 மார்ச்ல ஊரே சாட்ஜிபிடியில தன் ஃபோட்டோவை ஜிப்லி ஸ்டைல்ல மாத்தி மகிழ்ந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அந்த ஸ்டைல் எங்கேர்ந்து வந்தது? 1985-ல் தொடங்கின ஒரு ஜப்பான் ஸ்டுடியோவுல ஆளுங்க உக்காந்து பல வருஷம் கையால வரைஞ்சதுலேர்ந்து. கையே இல்லேன்னா மெஷின் எதைக் காப்பி அடிக்கும்? பாப்பாரப்பட்டி சிவாவைக் கேட்டா அது ஏதோ ஒரு இமயமலைச் சாமியாரைப் போட்டுக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை. செருப்பு இருந்ததா இல்லையான்னு அது போய் விசாரிக்காது.

சரி, கண்காட்சி நாள் வரும். பன்னிரண்டு படமும் சுவர்ல தொங்கும். மார்க் போட வர்றவங்க வருவாங்க, கூடவே "இதை எங்க மலருக்குக் கொடேம்மா"ன்னு கேக்கிறவங்களும் வருவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பில் புக் வாங்கி வெச்சுக்கட்டும். ஸ்டேஷனரி கடையில கிடைக்கும். எந்தப் படம், எதுக்கு, எத்தனை வருஷத்துக்கு, எவ்வளவு, பேர் எந்தப் பக்கத்துல எந்த சைஸுல. இந்த அஞ்சையும் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் ஃபைலை அனுப்பட்டும்.