முற்றத்தில் ஒரு விற்பனை

"வீட்டுச் சாமானை முத்தத்தில போட்டு விக்கிற அளவுக்கு உங்களுக்கு என்ன பிள்ளை குறை வந்தது?"

வேலிக்கு அப்பால் நின்று அயல்வீட்டு மாமி இப்படிக் கேட்டபோது என் முகம் சுருங்கித்தான் போனது. அம்மா காலமாகி ஆண்டுத் திவசமும் முடிந்த பின், 2023 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் தாய்வீட்டை வாடகைக்கு விடத் தீர்மானித்தோம். தம்பி ஜேர்மனியில், தங்கை கனடாவில். இரண்டு அறை நிறைந்த சாமான்களுக்கு நான் ஒருத்திதான் பொறுப்பு.

"குறை ஒண்டுமில்லை மாமி. கிடந்து கறள் பிடிக்கிறதை ஆராவது பாவிக்கட்டும்" என்றேன்.

2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது நினைவிருக்கும். அதன் பின் விலைகள் ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. புதிதாக ஒரு மின்விசிறி வாங்க யோசிக்கும் வீடுகள் நம்மைச் சுற்றி நிறைய உண்டு. எங்கள் வீட்டில் தூசி படிந்து கிடப்பது இன்னொரு வீட்டில் தேவையான பொருள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை, சகோதரிகளே. உங்களுக்கும் இப்படி ஒரு தேவை வரலாம் என்பதால், நான் செய்ததையும் தவறவிட்டதையும் எழுதுகிறேன்.

முதல் வேலை, பிரிப்பது. வைத்திருப்பவை, விற்பவை, சும்மா கொடுப்பவை, எறிபவை என நான்கு குவியல்கள் போட்டேன். அம்மாவின் நல்ல உடுப்புகள் முதியோர் இல்லத்துக்குப் போயின. மிஞ்சிய மருந்து, பழைய காஸ் குழாய், வெடித்த ஹெல்மெற் ஆகியவற்றை எந்த விலைக்கும் விற்கக் கூடாது. 2021 இன் இறுதியில் நாட்டில் அடுத்தடுத்து நடந்த காஸ் வெடிப்புகளை நாம் மறந்துவிடவில்லை. நமக்கு ஆபத்தானது வாங்குபவருக்கும் ஆபத்தானதே.

இரண்டாவது, ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பது. அலுமாரி லாச்சி, கைப்பை, புத்தகத்தின் நடுப்பக்கம், சேலை மடிப்பு எதையும் விடாதீர்கள். அம்மாவின் அடையாள அட்டை ஒரு கூறைச் சேலையின் மடிப்பிலும், சேமிப்புப் புத்தகம் பழைய பஞ்சாங்கத்துக்குள்ளும் இருந்தன. கைத்தொலைபேசி விற்பதானால் சிம்மைக் கழற்றி, படங்களை எல்லாம் அழித்த பின்னரே கொடுங்கள்.

மூன்றாவது, துப்புரவு. புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிய பித்தளைச் செம்பைக் கண்டால் எவரும் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். மின்சாரப் பொருட்களை இயக்கிக் காட்ட வயர் இழுத்து வைத்தேன். உருண்டை முனைப் பிளக் உள்ள பழைய மின்னழுத்திக்கு அதை முன்கூட்டியே சொல்லி விலையைக் குறைத்தேன். பழுதை மறைத்து விற்றால் அடுத்த நாள் படலையில் சண்டைதான்.

விலை குறிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். நல்ல நிலையில் உள்ளதற்குப் புது விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு மட்டும் அந்தக் கணக்குச் சரிவராது. அவற்றைத் தராசில் நிறுத்து, கடையில் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று முதலிலேயே விசாரியுங்கள். அதற்குக் கீழே விடாதீர்கள். கோப்பை, பீங்கான் போன்றவற்றை ஆறு ஆறாகக் கட்டி வைத்தால் தனியாக எஞ்சிக் கிடக்காது. ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு ஒட்டுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள் பலர்.

வெள்ளிக்கிழமையில் வீட்டுச் சாமானை வெளியே கொடுக்க நம்மவர்கள் விரும்பமாட்டார்கள். மாரிமழை தொடங்கிய பின் முற்றம் உதவாது. எனவே யூன் மாதத்தில், சம்பளம் கைக்கு வந்த கிழமையின் சனி, ஞாயிறைத் தெரிந்தெடுத்தேன். காலை ஆறரை முதல் வெயில் ஏறும் பதினொரு மணி வரை. வாசிகசாலையிலும் சந்திக் கடையிலும் கையெழுத்து அறிவித்தல் ஒட்டினேன்.

ஒரு பெண் தனியாக விற்பனைக்கு நிற்கக் கூடாது. மச்சாளும் அவளது மகனும் துணைக்கு நின்றார்கள். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டோம். தண்ணீர் குடிக்கவோ வேறு சாமான் பார்க்கவோ எவரையும் உள்ளே விடவில்லை. காசை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டேன். மாற்றுவதற்கு 100, 50, 20 ரூபாத் தாள்களாக 3,000 ரூபா வைத்திருந்தேன்.

ஆறு மணிக்கே பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். மறுத்துவிட்டேன். அவரை ஞாயிறு பதினொரு மணிக்கு, எஞ்சியதை எடுக்க வரச் சொன்னேன். வந்தார்.

அம்மாவின் தையல் மெசினுக்கு 15,000 ரூபா என்று ஒட்டியிருந்தேன். இடுப்பில் குழந்தையோடு வந்த ஓர் இளம்பெண் அதை மூன்று முறை சுற்றிப் பார்த்தாள். பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுக்கிறவளாம். "அன்ரி, என்னட்ட இப்ப ஒன்பதுதான் கிடக்கு" என்றாள். மிச்சம் 6,000 ரூபாவை மாதம் 2,000 வீதம் மூன்று மாதத்தில் தருவதாகக் கடதாசியில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். தவணை தவறாமல் கட்டினாள். தெரிந்தவராக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். அது சந்தேகமல்ல, பின்னால் மனத்தாங்கல் வராமல் இருப்பதற்கு.

இரண்டு நாளில் 58,400 ரூபா சேர்ந்தது. கூரை ஓடு மாற்றவும் சுவருக்கு வெள்ளை அடிக்கவும் அது உதவியது.

இனி, நான் விட்ட பிழை. அலுமாரி, கட்டில், மெசின் ஆகியவற்றை விற்க முன் தம்பியிடமும் தங்கையிடமும் கேட்டேன். சின்னச் சாமான்களைப் பற்றிக் கேட்கவில்லை. அவற்றை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிறு இரவு தங்கை தொலைபேசியில் எடுத்தாள். எல்லாம் விசாரித்துவிட்டு, "அக்கா, அம்மாட இடியப்ப உரலை மட்டும் எனக்கு எடுத்து வை. வரேக்க கொண்டு வாறன்" என்றாள்.

கைப்பிடி தேய்ந்த அந்த மர உரலைச் சனி காலையே 200 ரூபாவுக்கு விற்றிருந்தேன். வாங்கியவரின் முகம்கூட நினைவில் இல்லை. உண்மையைச் சொன்னேன். "பரவாயில்லையக்கா" என்றாள். பிறகு நெடுநேரம் எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. சந்திக் கடையில் சொல்லி வைத்தேன். வாசிகசாலையிலும் எழுதி ஒட்டினேன். இன்றுவரை ஒருவரும் கொண்டுவரவில்லை.

ஆகவே சகோதரிகளே, விலைச் சீட்டு ஒட்டுமுன் எல்லாச் சாமானையும் படம் எடுங்கள். அகப்பை, சுளகு, நீத்துப்பெட்டி ஈறாக ஒன்றையும் விடாதீர்கள். உரித்துள்ள எல்லோருக்கும் அனுப்பி ஒரு கிழமை தவணை கொடுங்கள். பெரிய சாமானின் பெறுமதி நமக்குத் தெரியும். சின்னச் சாமானின் பெறுமதியை மற்றவர்களிடம் கேட்டுத்தான் அறியவேண்டும்.