கெடு எந்த ஆண்டு?

அமெரிக்கச் சிப் நிறுவனமான ஏஎம்டியின் பங்கு 2 டாலருக்குக் கீழே கிடந்தபோது வாங்கிப் போட்டிருந்தால் இன்று எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விடாத பங்குச்சந்தைப் பிரியர் அபூர்வம். என் அலுவலகத்தில் ஆடிட்டிங் பழகும் பையன்களும் அப்படித்தான். "தலைமைக்கு லிசா சூ வந்தாங்க, ரைசன் சிப் வந்துச்சு, கம்பெனி எழுந்திருச்சு சார்" என்று ஒரே மூச்சில் கதையை முடித்துவிடுவார்கள். அந்தக் கதையில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது என்பது என் கட்சி. ஆண்டறிக்கையின் பின்பகுதியில், யாரும் புரட்டாத இடத்தில் இருக்கும் பக்கம் அது. எந்தக் கடன் பத்திரம் எந்த ஆண்டு முதிர்கிறது என்ற அட்டவணை.

2015ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். விற்பனை சுமார் 399 கோடி டாலர். நிகர நஷ்டம் 66 கோடி. கையில் இருந்த ரொக்கம் 78.5 கோடி, கடனோ 200 கோடிக்கு மேல். வட்டிக்கு மட்டுமே ஆண்டுக்கு 16 கோடி போய்க்கொண்டிருந்தது. பங்குதாரர் நிதி மைனஸ் 41 கோடி. அதாவது, இருக்கிற சொத்தையெல்லாம் புத்தக மதிப்புக்கு விற்றாலும் கடன்காரர்களுக்கே துண்டு விழும், பங்குதாரருக்குப் பூஜ்யம். எதிரே நின்ற இன்டெல் அதே ஆண்டில் ஆராய்ச்சிக்கு மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. ஏஎம்டியின் மொத்த விற்பனையைப் போல அது மூன்று மடங்கு. இப்படியொரு பேலன்ஸ் ஷீட் என் மேஜைக்கு வந்தால், இந்த நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்று சந்தேகம் எழுப்பும் பத்தியை எழுதத்தான் பேனா துறுதுறுக்கும். 2 டாலர் என்பது சந்தையின் முட்டாள்தனம் அல்ல. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் போட்ட நியாயமான விலை.

பிறகு எப்படிப் பிழைத்தது? ரைசன் கடைக்கு வந்தது 2017 மார்ச்சில். அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே! 2014இல் ஏஎம்டி இரண்டு கடன் பத்திரங்களை வெளியிட்டது. ஒன்று 60 கோடி டாலர், 6.75 சதவீத வட்டி, 2019இல் முதிர்வு. இன்னொன்று 50 கோடி, 7 சதவீதம், 2024இல் முதிர்வு. அந்தப் பணத்தைக் கொண்டு, 2015லும் 2017லும் முதிரவிருந்த பழைய பத்திரங்களில் பெரும்பகுதியைத் திருப்பி வாங்கிவிட்டது. கடன் குறையவில்லை, வட்டியும் கடுமைதான். ஆனால் பெரிய கெடு 2019க்குத் தள்ளிப்போனது. கொங்கு நாட்டு நூற்பாலைகளின் கணக்குகளோடு பழகியவனுக்கு இது புதிதல்ல. நஷ்டம் வந்த அன்று மில் மூடாது, வங்கிக்குக் கட்ட வேண்டிய தேதியில் கட்ட முடியாதபோதுதான் மூடும்.

காசு தேற்ற அவர்கள் விட்டுவைத்தது எதுவுமில்லை. 2013இல் ஆஸ்டின் வளாகத்தை 16.4 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள். சுசோவிலும் பினாங்கிலும் இருந்த பேக்கேஜிங், சோதனைப் பிரிவுகளின் 85 சதவீதம் 2016இல் சீன நிறுவனமொன்றுக்குப் போனது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் சிப் கொடுத்தார்கள். லாபம் மெலிசுதான், ஆனால் பணம் ஒழுங்காக வந்தது.

சிப் ஆலைகளை 2009இல் தனியே பிரித்து, அபுதாபி அரசின் முதலீட்டோடு குளோபல்ஃபவுண்ட்ரீஸ் ஆக்கியதைத்தான் எல்லோரும் புத்திசாலித்தனம் என்கிறார்கள். பாதி உண்மை. ஆலை போனாலும் கயிறு போகவில்லை. அந்த ஆலைகளிடமிருந்து குறிப்பிட்ட அளவு சிப் வேஃபர் வாங்கியே தீர வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. விற்பனை சரிந்து வாங்க முடியாமல் போனபோது, அந்தக் கடப்பாட்டைக் குறைத்துக்கொள்ளவே 2012இல் 32 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். 2016இல் மற்ற ஆலைகளிலும் சிப் செய்துகொள்ளும் உரிமைக்கு இன்னும் 10 கோடி. பின்னாளில் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகள் பக்கம் போய் இன்டெல்லை முந்தியதற்கு அதுவும் ஒரு விலை.

'யாராவது பெரிய கம்பெனி வாங்கிவிடும்' என்று நம்பி அன்று பங்கு பிடித்தவர்களும் உண்டு. அவர்கள் இன்டெல்லுடனான எக்ஸ்86 சிப் வடிவமைப்பு உரிம ஒப்பந்தத்தைப் படித்திருக்கமாட்டார்கள். நிறுவனம் கைமாறினால் உரிமம் முறியும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

இதே இன்டெல்லோடு மோதிய மற்ற சிப் நிறுவனங்களை யாரும் நினைப்பதில்லை. சைரிக்ஸ் 1997இல் நேஷனல் செமிகண்டக்டரிடம் போய், இரண்டே ஆண்டில் வியா நிறுவனத்திடம் விற்கப்பட்டது. டிரான்ஸ்மெட்டா 2000இல் ஆரவாரமாகச் சந்தைக்கு வந்து, 2009இல் காணாமல் போனது. ஏஎம்டியையே 2000 உச்சத்தில் வாங்கியவர், போட்ட விலையை மறுபடி பார்க்க 2020 வரை காத்திருந்தார். இந்தக் கணக்கைப் பையன்களிடம் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

இப்போது புதுப் பல்லவி: "இன்டெல்தான் சார் அடுத்த ஏஎம்டி." ஒப்பீடு எனக்குப் பொருந்தவில்லை. ஏஎம்டி ஆலையை உதறிப் பிழைத்தது, இன்டெல் ஆலையைக் கட்டிக்கொண்டே பிழைக்கப் பார்க்கிறது. அந்த ஆலைப் பிரிவு மட்டும் 2024இல் சுமார் 1,340 கோடி டாலர் செயல்பாட்டு நஷ்டம் காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் டிவிடெண்ட் நிறுத்தம், 15 சதவீத ஆட்குறைப்பு என்ற அறிவிப்பு வந்ததும் பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது.

2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே பங்கு 20.47 டாலர் வீதம் சுமார் 10 சதவீதத்துக்கு உள்ளே வந்தது, அடுத்த மாதம் என்விடியா 23.28 டாலர் வீதம் 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. ஆகவே இங்கே கெடு தேதி பெரிய பயமில்லை. புதுப் பங்குகள் அச்சாக அச்சாகப் பழைய பங்குதாரரின் பங்கு எவ்வளவு கரைகிறது, ஆலைப் பிரிவின் வருமானத்தில் வெளியார் கொடுப்பது எத்தனை சதவீதம் என்ற இரண்டையும்தான் காலாண்டுதோறும் பார்க்க வேண்டும். இரண்டாவது எண் கணிசமாக ஏறும்வரை, இன்டெல் பங்கு வாங்குவது வாஷிங்டனின் தொழில் கொள்கைமேல் கட்டும் பந்தயம் என்றுதான் பையன்களிடம் சொல்லிவருகிறேன்.