நிறத்தைப் பார்க்காதீர்கள், பில்லைப் பாருங்கள்!



2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். ஆய்வுக்கு எடுத்த மாதிரிகளில் ரோடமின் பி என்ற துணிச் சாயம் இருந்ததே காரணம். அந்த வாரம் என் கடைக்கு வந்த ஓர் அம்மா, "கேசரிப் பவுடர் போட்டாலே கேன்சர் வருமாமே அண்ணாச்சி?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கடை அடைக்கும் நேரத்தில் அந்தச் சின்னப் பாக்கெட்டுகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை. சாயத்தின் பெயரும் இல்லை. வாங்கியதற்கு பில்லும் இல்லை, துண்டுச் சீட்டுதான். எந்த தைரியத்தில் அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டே எட்டுதான். டார்ட்ரஸின், சன்செட் எல்லோ, பான்சோ 4ஆர், கார்மோயிசின், எரித்ரோசின், இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன். இவற்றையும் இனிப்பு, பிஸ்கட், ஐஸ்கிரீம், சர்பத் போன்ற சில பண்டங்களில்தான் சேர்க்கலாம். பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், பருப்பு வகைகளில் ஒரு துளி கூடச் சேர்க்கக்கூடாது.

சோதனை எப்படி நடக்கிறது?

ஒரு சாயம் மரபணுவைக் கெடுக்குமா என்று பார்க்கப் பல சோதனைகள் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் 1970களில் கொண்டுவந்தது ஒன்று. ஹிஸ்டிடின் என்ற சத்து இல்லாமல் வளர முடியாத பாக்டீரியாவை எடுத்து, அந்தச் சத்து போதாத தட்டில் சாயத்தோடு சேர்த்து வைக்கிறார்கள். மரபணு மாறிய பாக்டீரியா மட்டுமே அங்கு வளர்ந்து புள்ளி புள்ளியாகப் பெருகும். வழக்கத்தைவிடப் புள்ளிகள் மிக அதிகமானால் சாயத்தின் மேல் சந்தேகம். அடுத்து எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் செல்களைப் பார்க்கிறார்கள்.

ஒரே சோதனையோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டார்ட்ரஸின், பான்சோ 4ஆர், அலூரா ரெட் உள்ளிட்ட சாயங்களை எலிகளுக்குக் கொடுத்தபோது குடல் போன்ற உறுப்புகளில் மரபுப் பொருள் சேதமடைவதைக் கண்டார்கள். பின்னர் அலூரா ரெட்டை மறுபடி சோதித்தபோது அந்தச் சேதம் தெரியவில்லை. மிட்டாய்களுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டையாக்சைடு கதை வேறு. மரபணுவுக்குத் தீங்கில்லை என்று உறுதி சொல்ல முடியாது என்று 2021-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூறியது. 2022-இல் ஐரோப்பிய யூனியன் அதைத் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழுவோ 2023-இல் பழைய அனுமதியை மாற்றத் தேவையில்லை என்றது.

நிபுணர்களே இப்படி மறுபடி மறுபடி பார்க்கும்போது, கடைக்காரர் நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியுமா? அவர்கள் சோதிப்பதும் பெயர், எண், தூய்மை எல்லாம் தெரிந்த சாயத்தை. நம் கடையில் தொங்கும் பெயரில்லாத பாக்கெட்டை எந்த விஞ்ஞானியும் சோதிக்கவில்லை. அதில் டார்ட்ரஸின் இருக்கலாம். அதே மஞ்சளில் இருக்கும் மெட்டானில் மஞ்சள் என்ற தடை செய்யப்பட்ட சாயமும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு மூட்டை செய்த வேலை

2005 பிப்ரவரியில் இங்கிலாந்தில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஒரு சாஸ் தயாரிப்பில் சேர்ந்த மிளகாய்த் தூளில் சூடான் 1 என்ற சாயம் இருந்தது. அந்த மிளகாய்த் தூள் இந்தியாவிலிருந்து போனது. யாரோ ஒருவர் நிறம் தூக்கலாக இருக்கட்டும் என்று கலந்தார். கெட்ட பெயர் இந்திய மிளகாய்க்கே வந்தது. நேர்மையாக விற்றவரும் சான்றிதழ் காட்டித்தான் சரக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

நாம் செய்ய வேண்டியது

நிறப் பாக்கெட்டில் "உணவு நிறம்" என்ற சொல், சாயத்தின் பெயர், அதன் நிற எண் மூன்றும் இருக்க வேண்டும். டார்ட்ரஸின் என்றால் 19140. இல்லாவிட்டால் இறக்காதீர்கள். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி விற்றவரே பொறுப்பு. பில்லும் எழுத்து மூலமான உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள். சாம்பிள் எடுத்தால் நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு நம் செலவில் அனுப்பச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பத்து ரூபாய் பாக்கெட்டுக்காக பெட்டிக்கடைக்காரர் மேல் வழக்குப் போடுவதோடு நிற்காதீர்கள். அந்தச் சாயம் எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று தேடிப் போங்கள். சோதனை முடிவுகளைத் தயாரிப்பாளர் பெயரோடு வெளியிடுங்கள். எதை வாங்கக்கூடாது என்று தெரிந்தால் நாங்களே வாங்க மாட்டோம்.

அந்தப் பாக்கெட்டுகளை மறுநாளே சப்ளையரிடம் திருப்பிவிட்டேன். "உங்களுக்கு மட்டும் என்ன சந்தேகம்?" என்று கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும். அந்த அம்மா அடுத்த முறை கேட்டால் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், அதுதான் எனக்குப் பெரிது.