சிலிண்டர் கியாஸ் கீழே இறங்கும், குழாய் கியாஸ் மேலே ஏறும்! மீட்டரை அலமாரிக்குள் மூடலாமா?

எண்ணூர் துறைமுகத்தில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-ம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்தது. அதன்பிறகு சென்னை, கோவை உள்பட பல மாவட்டங்களில் குழாய் மூலம் வீடுகளுக்கு சமையல் கியாஸ் வழங்கும் பணி நடந்து வருகிறது. சிலிண்டருக்கு புக் செய்ய வேண்டாம், மாடிக்கு தூக்கி வருபவருக்காக காத்திருக்க வேண்டாம் என்பதால் இல்லத்தரசிகளுக்கு நிம்மதிதான். ஆனால் குழாயோடு சேர்ந்து மீட்டரும் வருகிறது. சின்ன சமையலறை கொண்ட வீடுகளில் சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

சுவரில் மஞ்சள் குழாயும் மீட்டரும் தெரிவது பார்க்க நல்லா இல்லை என்று சிலர் தச்சரை கூப்பிட்டு அதைச் சுற்றி அலமாரி அடித்து விடுகிறார்கள். கீழே அரிசி டிரம், மேலே மளிகை டப்பா, நடுவில் மீட்டர். கதவைச் சாத்தினால் எதுவும் தெரியாது. அழகு வந்துவிட்டது, ஆபத்தும் கூடவே வந்துவிட்டது.

ஏன் ஆபத்து?

மீட்டரின் உள்ளே போகும் குழாயிலும், வெளியே வரும் குழாயிலும் இணைப்புகள் இருக்கின்றன. கசிவு வந்தால் பெரும்பாலும் இந்த இணைப்புகளில்தான் வரும். திறந்த இடமாக இருந்தால் கொஞ்சம் கசிந்தாலும் காற்றோடு கலந்து போய்விடும். மூடிய அலமாரியில் அப்படியே தேங்கி நிற்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இந்த கியாஸ் கலந்தால் ஒரு சின்ன பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

கசிவு தெரிய வேண்டும் என்றுதான் கியாசில் நாற்றம் சேர்க்கிறார்கள். கதவு மூடிய அலமாரிக்குள் கசிந்தால் அந்த நாற்றமே மூக்குக்கு தாமதமாகத்தான் வரும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றை விட கனமானது. கசிந்தால் தரையோடு தரையாக பரவும். அதனால்தான் சிலிண்டர் இருக்கும் அறையில் தரை ஓரமாக காற்று வழி வேண்டும், சிலிண்டரை பள்ளத்தில் வைக்கக்கூடாது என்று இத்தனை வருடமாக சொல்லி வந்தார்கள். குழாயில் வருவதோ இயற்கை எரிவாயு. இது காற்றை விட லேசானது, நேராக கூரைக்கு ஏறும். இதற்கு காற்று வழி மேலே வேண்டும். ஆனால் கொசு வருது, எலி வருது என்று நம்ம வீடுகளில் முதலில் அடைப்பது கூரை ஓரத்து ஓட்டையைத்தான். சிலிண்டருக்கு பழகிய வீட்டில் இந்த வித்தியாசத்தை யாராவது சொல்லித்தந்தால்தானே தெரியும்? ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் மட்டும் போதாது.

எங்கே மாட்ட வேண்டும்?

மீட்டர் காற்றோட்டமான இடத்தில், எண்ணை படிக்கும்படி, கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே மாட்ட வசதி இருந்தால் இன்னும் நல்லது. அடுப்புக்கு நேர் மேலே கூடாது. சுவிட்ச் போர்டு, பிளக் பாயிண்ட் பக்கத்தில் கூடாது. பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீர் தெறிக்கும் இடமும் ஆகாது, துருப்பிடிக்கும்.

மீட்டரின் பாரத்தை சுவரில் அடித்த கிளாம்ப் தாங்க வேண்டும், குழாய் தாங்கக்கூடாது. குழாயில் பை மாட்டுவது, கரித்துணி காயப்போடுவது எல்லாம் இணைப்பை தளர்த்தும் வேலை.

மீட்டர் அருகில் உள்ள வால்வுதான் உயிர் காக்கும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். இது வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதன் முன்னால் டிரம்மை வைத்து மறைத்தால் அவசரத்துக்கு எட்டாது.

கியாஸ் வாடை வந்தால் வால்வை மூடி, கதவு, ஜன்னல்களை திறந்து வெளியே வந்துவிட வேண்டும். லைட், எக்சாஸ்ட் பேன் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்த பிறகுதான் போன். 1906 என்பது எல்.பி.ஜி. கசிவுக்கான எண். குழாய் கியாசுக்கு அந்தந்த நிறுவனத்தின் அவசர எண் வேறு. பில்லில் இருக்கும், அதை சுவரில் எழுதி வைப்பது நல்லது.

இடம் மாற்ற வேண்டுமா?

தெரிந்த பிளம்பரை கூப்பிட்டு 500, 1000 கொடுத்து மீட்டரை நகர்த்துவது பெரிய தப்பு. மீட்டர் கியாஸ் நிறுவனத்தின் சொத்து. அவர்கள் ஆள் வந்து மாற்றி, கசிவு இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் அடுப்பு பற்ற வைக்க வேண்டும். தண்ணீர் குழாய் ஒழுகினால் தரை நனையும், இது அப்படி இல்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். குழாய் கியாசுக்கு மாறும்போது அடுப்பில் உள்ள ஜெட்டை பெரிய துளை உள்ளதாக மாற்றுவார்கள். வீடு காலி செய்து, சிலிண்டர் உள்ள வீட்டுக்கு அதே அடுப்பை கொண்டு போனால் தீ அளவுக்கு மீறி எழும்பும். சிலிண்டரில் மாட்டும் முன்பே ஏஜென்சி மெக்கானிக்கை வைத்து பழைய ஜெட்டை திரும்ப போட வேண்டும்.